நண்டு வாசல் பாட்டு

'அகழி' என்ற வீடியோ கேம் ஆறு பாகம் வந்துவிட்டது. ஆறிலும் கோட்டை வாசலில் நிற்பது ஒரே நண்டுதான். யானை அளவு நண்டு. அதனிடம் வெட்டுப்படாமல் யாரும் உள்ளே போனதில்லை.

நண்டு வந்தால் கூடவே ஒரு பாட்டு வரும். அதன் முதல் ஏழு சுரங்களைப் பல் விளக்கும்போதுகூட முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆறு பாகத்துக்கும் இசை போட்டவள் பூங்கோதை. முதல் பாகம் வந்தபோது கல்லூரி மாணவி. இப்போது முப்பத்தைந்து வயது.

அவளுடைய சீடருக்கு ஐம்பத்திரண்டு. பெயர் ஆரோக்கியசாமி. சென்னையில் சினிமா ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்தவர். சினிமா வாய்ப்பு குறைந்ததும் கல்யாணக் கச்சேரிகளுக்குப் போனவர். கோயம்புத்தூரில் இந்த கேம் கம்பெனிக்கு வேலைக்கு வந்த அன்று எல்லார் முன்னாலும் "குருவே!" என்று ஒரு கும்பிடு போட்டார். கேலிக்குத்தான். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஏழாம் பாகத்தின் நண்டுப் பாட்டை அவர் போட்டிருந்தார். அதை வைப்பதா, பழைய பாட்டையே வைப்பதா என்று சாயங்காலம் பூங்கோதை முதலாளிக்குச் சொல்ல வேண்டும். பழசு என்றால் ஆரோக்கியசாமி மறுபடி கல்யாண மண்டபங்களுக்குக் கீபோர்டு தூக்க வேண்டியதுதான்.

"குருவே, ஒரு கேள்வி."

"கேளுங்க சார்."

"என் பாட்டு நாலு நிமிஷம். மூணாவது நிமிஷத்துல நாதஸ்வரம், தவில், அறுபது வயலின், அதுக்கு மேல கோரஸ். உங்களோடது ஏழு சுரம், ஒரு மேளம். அதைப் போய் ஊரே பாடுது. அப்படி என்னதான் வச்சீங்க அதுல?"

பூங்கோதை கண்ட்ரோலரை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நண்டை ஜெயிச்சுட்டு வாங்க. பேசலாம்."

"நான் மியூசிக் போடறவன்மா. ஆடறவன் இல்ல."

"ஒரு தடவைகூட ஆடினதில்லையா?"

"எதுக்கு? யாரோ ஆடின வீடியோவைப் பார்த்துத்தான் போட்டேன். சினிமாவுல அப்படித்தான்."

"உட்காருங்க."

பக்கத்து நாற்காலியில் நஸ்ரின். கேமில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க நாள் முழுக்க ஆடித் தோற்பதுதான் அவள் வேலை.

ஆரோக்கியசாமி பட்டனை அழுத்தினார். திரையில் பனிமூட்டம். அவருடைய பாட்டு மெதுவாக எழுந்தது. ம்ம்ம்ம்ம் என்று ஒரு தம்பூரா.

நண்டு ஒரே வெட்டு.

மறுபடி அழுத்தினார். பாட்டும் முதலிலிருந்து வந்தது. ம்ம்ம்ம்ம். வெட்டு.

ம்ம்ம்ம்ம். வெட்டு.

"ம்ம்ம்ம்ம்... சதக்!" என்றாள் நஸ்ரின், தம்பூரா குரலிலேயே.

"சும்மா இரும்மா."

"சரிங்கண்ணா. ம்ம்ம்ம்ம்..."

மதியச் சாப்பாட்டுக்கு அவர் எழுந்திருக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். கட்டைவிரல் சிவந்துவிட்டது. நண்டு வெட்டிக்கொண்டே இருந்தது.

"இந்த ம்ம்ம்மை எவன்யா போட்டான்? உயிரை வாங்குது!"

"நீங்கதானுங்கண்ணா."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். பாய்வதற்கு முன் நண்டு இடது கொடுக்கைத் தூக்குகிறது என்று பிடிபட்டது. தூக்கினால் குனிய வேண்டும். குனிந்தார். தாவினார். குத்தினார். மறுபடி குனிந்தார். நண்டு மல்லாக்க விழுந்தது.

"விழுந்துட்டான்! குருவே, விழுந்துட்டான்!"

பூங்கோதை திரும்பினாள்.

"மூணாவது நிமிஷம் எப்படி இருந்தது சார்?"

"எது?"

"நாதஸ்வரம்."

"அது... வந்துச்சா?"

"முழுசா வந்துச்சுங்கண்ணா" என்றாள் நஸ்ரின். "கோரஸ்கூட வந்துச்சு."

ஆரோக்கியசாமி கண்ட்ரோலரைக் கீழே வைத்தார். பிறகு கீபோர்டை இழுத்துக்கொண்டார்.

முதலில் நாதஸ்வரத்தை எடுத்தார். வயலின்களை எடுத்தார். கோரஸை எடுக்கும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது. எடுத்தார். கடைசியாகத் தம்பூரா. மிஞ்சியது தவில் ஒன்றுதான். அதைக் கொண்டுவந்து தொடக்கத்தில் நிறுத்தினார். தவிலில் ஒரு அடி போடுவார். ஓடிப்போய் நண்டிடம் வெட்டுப்படுவார். வந்து அந்த அடியை மாற்றுவார். திரும்பப் போய் வெட்டுப்படுவார். தவிலுக்கு மேல் சின்னதாக ஒரு மெட்டு முளைத்தது.

வெயில் இறங்கும்போது நிமிர்ந்தார்.

"குருவே, கேட்டுப் பார்க்கறீங்களா?"

"நான் எதுக்கு சார்? நஸ்ரின், கொஞ்சம் தோத்துக் காட்டு."

நஸ்ரின் தோற்றாள். தவில் அடித்தது. மறுபடி தோற்றாள். தவில் அடித்தது. அவள் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

கீழே ஆபீஸ் வேன் ஹாரன் அடித்தது. ஹாரன் கேட்டால் பாதி வார்த்தையில் கிளம்பிவிடுகிறவள் நஸ்ரின். எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். திரையில் நண்டு அவளை வெட்டியது. தவில் அடித்தது.

"ஒரே ஒரு தடவைங்கண்ணா" என்று பையோடு உட்கார்ந்தாள்.

வேன் இன்னொரு முறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போயிற்று.

முதலாளியிடமிருந்து போன் வந்தது.

"என்னம்மா, புதுசா பழசா?"

"புதுசுங்க" என்றாள் பூங்கோதை.

"ரசிகர்கள்லாம் பழசைக் கேப்பாங்களேம்மா. பாட்டு நல்லா இருக்கா?"

பூங்கோதை திரும்பிப் பார்த்தாள். நஸ்ரின் உதட்டைக் கடித்துக்கொண்டு பட்டனை அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஆரோக்கியசாமி கத்திக்கொண்டிருந்தார். "இடது கொடுக்கு! குனி, குனி! ஐயோ, விடாதே, திரும்பப் போ!"

"தெரியலீங்க" என்றாள் பூங்கோதை. "போட்டவரே கேக்கல."