பின்சொல் தணிந்த கதை

அந்தக் காலத்தில் மலைக்குக் காது இருந்தது, அண்டங்காக்கைக்குப் பேச்சு இருந்தது. வடக்கே நோர்வே நாட்டில், மலைகளுக்கிடையே கடல் புகுந்து கிடக்கும் ஓர் ஊரில் குன்வோர் என்றொருத்தி வாழ்ந்தாள். அவ்வூர் மக்களுக்கு இரண்டு சொல்லை ஒட்டிப் பேசத் தெரியாது. பனிச்சரிவு என்பதற்கு, ‘ஸ்னோ’ என்று பனியை ஓங்கிச் சொல்லி, மூச்சு வாங்கி, ‘ஸ்க்ரேட்’ என்று சரிவையும் அதே அளவு ஓங்கிச் சொல்வார்கள். இரண்டும் சொல்லியாக வேண்டும். கல் சரிந்தால் பாறைக்குப் பின்னால் ஒளிய வேண்டும். பனி சரிந்தால் ஓட வேண்டும்.

பனிக்காலம் முடியும் தறுவாயில், குன்வோரின் கணவன் ஐவின்ட் மலைச்சரிவில் விறகு வெட்டிக்கொண்டிருந்தான். சற்றுத் தள்ளி, மேட்டுக்கு அப்பால், மாரித் என்ற அவன் தங்கை தன் பிள்ளைகளோடு சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். குன்வோரின் வேலியில் அண்டங்காக்கை வந்து அமர்ந்தது.

“உச்சியில் பனி விரிசல் விட்டிருக்கிறது. உன் ஆட்களைக் கூப்பிடு. ஆனால் மலை தூங்குகிறது. கோடரிச் சத்தம் அதற்குப் பழகிவிட்டது. ஒரு கூப்பாட்டைக் கனவென்று விட்டுவிடும். இரண்டாவது கேட்டால் புரண்டு படுக்கும்.”

“ஓடிப்போய்ச் சொல்லிவிடட்டுமா?”

“அதற்கு நேரமில்லை.”

குன்வோர் மலையடிக்கு ஓடினாள். பழகிய நாக்கு பழகியபடியே தொடங்கிவிட்டது.

“ஸ்னோ!”

ஐவின்ட் சுற்றிலும் பார்த்தான். எங்கும் பனிதானே. கையசைத்துவிட்டு மறுபடி கோடரியை ஓங்கினான். விரிசல் அகலமாவது அவளுக்குத் தெரிந்தது. அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

“ஸ்க்ரேட்!”

“யார் அது?” என்று கேட்டுக்கொண்டே மலை புரண்டது. வெண்புழுதி அடங்கியபோது விறகும் இல்லை, ஐவின்டும் இல்லை. மலை மறுபடி உறங்கிவிட்டது.

“பாதிதான் வந்திருக்கிறது,” என்றது காக்கை. “மீதி மாரித்தின் தலைக்கு மேல் தொங்குகிறது.”

குன்வோருக்கு அழக்கூட வழியில்லை. மாரித் இருந்த பக்கம் போய், முன்சொல்லை மட்டும் ஓங்கி, மூச்சை விடாமல் பின்சொல்லைத் தணித்து அதன் வாலிலேயே ஒட்டிச் சொன்னாள்.

“ஸ்னோஸ்க்ரேட்.”

மலை அசையவில்லை. மாரித் பிள்ளைகளை வாரிக்கொண்டு ஓடிவந்தாள். மூச்சிரைக்க நின்று, “அண்ணன் எங்கே?” என்றாள். குன்வோர் பனி மூடிக் கிடந்த சரிவைக் கைகாட்டினாள்.

அன்று முதல்தான் அந்த நாட்டில் இரண்டு சொல் ஒன்றானால் முன்சொல் ஓங்குகிறது, பின்சொல் மலைக்குக் கேட்காதபடி தணிகிறது.