சடையன் ஒட்டிய மின்மினிகள்

ஏரிக்கரை ஈச்சமரத்தில் பூவன், சடையன் என்று இரண்டு தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருந்தன. சடையனின் கூடுதான் பெரியது. உள்ளே அவன் மனைவி மயிலி முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பூவன் தன் கூட்டுக்குள் ஈரக் களிமண் அப்பி, அதில் ஒரே ஒரு மின்மினியை ஒட்டி வைத்தான். உள்ளே இதமான வெளிச்சம். எட்டிப் பார்த்த குருவிகள் எல்லாம், "அடடா, என்ன அழகு!" என்றன.

சடையனுக்கு வயிறு எரிந்தது.

"நமக்கும் உள்ளே ஒண்ணு வச்சாப் போதுங்க. முட்டை தெரிஞ்சாச் சரி" என்றாள் மயிலி.

"உள்ளே வச்சா பூவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினான் சடையன்.

அப்புறம் என்ன? புதர் புதராகப் போய் மின்மினிகளை அள்ளி வந்தான். கூட்டுக்கு வெளியே, வாசலைச் சுற்றி, நெருக்கி நெருக்கி ஒட்டினான்.

"அண்ணே, மூச்சு முட்டுது! இத்தனை பேர் எதுக்கு?" என்றது ஒரு மின்மினி.

"வாயை மூடிட்டு எரி!"

பொழுது சாய்ந்ததும் கூடு பளபளவென்று மின்னியது. எங்கிருந்தோ விட்டில்பூச்சிகள் மொய்த்தன.

"பார்த்தியா மயிலி! நம்ம கூட்டைப் பார்க்க எவ்வளவு கூட்டம்!"

"பூச்சி கண்ணுல விழுதுங்க! முதல்ல அந்த மின்மினிகளைப் பிடுங்கிப் போடுங்க!"

"பூவன் இன்னும் பார்க்கலையே. அவன் பார்க்கட்டும், பிடுங்குறேன்!"

பூவன் பார்க்கவில்லை. விட்டில்களைத் தின்ன வந்த ஆந்தைதான் பார்த்தது.

"அட! இந்த மரத்துல கூடு இருக்குறதே எனக்குத் தெரியாது! ரொம்ப நன்றி தம்பி!" என்று சொல்லி, நகத்தால் கூட்டை ஒரே கிழி கிழித்தது.

மயிலி தப்பித்தாள். முட்டைகள் ஏரியில் விழுந்தன. மின்மினிகள் சிதறிப் பறந்தன.

சத்தம் கேட்டு எழுந்த பூவன் பறந்து வந்தான். "ஐயோ! என்ன ஆச்சு அண்ணே?"

மயிலி தண்ணீரையே பார்த்தபடி சொன்னாள்: "உங்களுக்குக் காட்டணும்னு விளக்கு வச்சாரு."

பக்கத்து வீட்டுக்காரன் கண்ணில் படுவதற்காக விளக்கு வைப்பவன், தன் வீட்டை எதிரிக்குத்தான் காட்டிக்கொடுக்கிறான்.