உப்பு போடாத தண்ணீர்

"இன்னொரு பூ வேணும் தாயி," என்றார் தவசிமுத்து.

பெனாசிர் மீன்களுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"போன மாசம் கொண்டுபோனது?"

"போயிருச்சு."

"அதுக்கு முந்தினது?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்குறியேம்மா."

அவர் கேட்டது உண்மையில் பூ அல்ல. கடல் சாமந்தி என்பார்கள். பாறையில் ஒட்டிக்கொண்டு, இதழ் போன்ற விரல்களை விரித்துத் தண்ணீரோடு ஆடும் ஓர் உயிர். கோமாளி மீன்கள் அதற்குள் குடியிருக்கும். தவசிமுத்துவின் மனைவி செல்லக்கனி அதைப் பூ என்றாள். அதனால் அவருக்கும் அது பூ.

மதுரையில், நெல்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் பெனாசிரின் கடை இருந்தது. கடல் மீன் மட்டும் விற்பாள். தவசிமுத்து அவளைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். ஆனாலும் அவள் கடைக்குள் வரும்போது செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவார்.

"மூணாவது பூ தரமாட்டேன் அண்ணாச்சி," என்றாள் பெனாசிர்.

"நீ தராட்டா நான் யாருகிட்டப் போவேன்?"

"எதுக்கு அவ்வளவு அவசரம்?"

தவசிமுத்து தொட்டிகளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"வீட்டுல தொல்லை," என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

மகளின் வேலைக்காக அவர்கள் தூத்துக்குடியை விட்டு மதுரைக்கு வந்து ஒன்றரை வருஷம். மாடியில் ஒரு சின்ன வீடு. வந்த நாளிலிருந்து செல்லக்கனிக்கு எதுவும் பிடிக்கவில்லை. கடல் காற்று இல்லாத ஊர் என்றாள். ஜன்னல் பக்கமே போகமாட்டாள். அவர் முன்னறையில் தொட்டியை வைத்த பிறகுதான் அங்கே வந்து உட்கார ஆரம்பித்தாள். பூ விரிந்தால் அவரைக் கூப்பிட்டுக் காட்டுவாள். இரண்டாவது பூவும் சுருங்கிச் செத்த பிறகு முன்னறைக்கே வருவதில்லை.

"மீன் ரெண்டும் ஒரு மூலையில நிக்குது. 'குடியிருக்க வீடில்லாம நிக்குதுங்க, நம்மள மாதிரி'ங்கா."

"தொட்டி அவங்களுக்காகத்தான் வச்சதா?"

"அவகிட்ட அப்படியா சொல்லுவேன்? எனக்குப் பொழுது போகலைன்னு சொல்லியிருக்கேன்."

பெனாசிர் கையைத் துடைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"தண்ணி எப்படிப் பண்றீங்க?"

"தண்ணியைச் சுத்தம் பண்ண நீ சொன்ன மெஷின்தான். சொட்டுச் சொட்டா ட்ரம்முல விழும். தண்ணியில எதுவும் கலந்திருக்கான்னு மீட்டர் வச்சுப் பாப்பேன். பூஜ்யம் காட்டும். உடனே அளந்து உப்பைப் போட்டுக் கலக்கிருவேன்."

"மொத்தத் தண்ணியிலயுமா?"

"பின்னே? சும்மா வச்சிருந்து என்ன பண்ண?"

"தொட்டியில தண்ணி குறைஞ்சா?"

"மதுரை வெயிலுக்குத் தெனமும் ஒரு விரக்கடை குறையுது. ட்ரம்முல இருந்து ஊத்துதேன்."

"உப்புத் தண்ணியை."

"கடல் குறைஞ்சா கடலைத்தானம்மா ஊத்தணும்."

"முதல் பூ வாங்கும்போதே சொன்னேன் அண்ணாச்சி. உப்பு போடாத தண்ணி தனியா ஒண்ணு வைங்கன்னு."

"சொன்னே."

"நீங்க என்ன சொன்னீங்க?"

தவசிமுத்து தலையைச் சொறிந்தார். அவர் உப்பளத்தில் முப்பத்திரண்டு வருஷம் மேற்பார்வை பார்த்தவர். 'எனக்கே உப்பைப் பத்திச் சொல்லுதியா?' என்று அன்று சிரித்திருந்தார்.

அப்போது அவர் கைப்பேசி அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் பேசுவார்.

"வரும்போது வெண்டைக்காய் வாங்கிட்டு வாங்க," என்றது செல்லக்கனியின் குரல். "முத்தலா அள்ளிட்டு வராதீங்க."

"வீட்டுல ஏற்கனவே ஒரு முத்தல் இருக்குல்லா. அதோட சேத்துக்க."

"கடல் பூவை விலைக்கு வாங்கத் தெரியுது. ஒரு வெண்டைக்காய் வாங்கத் தெரியல."

"உன் தம்பியை வரச்சொல்லு. அவன்தான் காயே கண்டுபிடிச்சவன்."

செல்லக்கனி ஃபோனை வைத்துவிட்டாள்.

தவசிமுத்து கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டார். "சும்மா பேசிக்கிடுவோம்," என்றார். "தெனமும் ரெண்டு வார்த்தைதான். பெருசா ஒண்ணும் இல்ல."

"எத்தனை வருஷமா?"

"முப்பத்தெட்டு."

பெனாசிர் எழுந்தாள். உள்ளே போய் மூடி போட்ட வெள்ளைக் கேன் ஒன்றைக் கொண்டுவந்து அவர்முன் வைத்தாள்.

"உங்க மெஷின் தண்ணியை இதுல பிடிங்க. மூடுங்க. ஒரு வாரம் வைங்க. அப்புறம் எடுத்துட்டு வாங்க."

"உப்பு எவ்வளவு போடணும்?"

"போடக்கூடாது."

"வேற என்ன போடணும்?"

"ஒண்ணும் போடக்கூடாது."

"வீட்டுல செம்புக் குடம் இருக்கு. நல்ல தண்ணியை அதுல வச்சா விசேஷம்பாங்க."

"நமக்கு விசேஷம். பூவுக்குச் செம்பு விஷம். அதுவும் இந்தத் தண்ணிக்குள்ள ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி. அதனால பசியோட இருக்கும். தொட்டதை எல்லாம் எடுத்துக்கிடும்."

"ஒரு வாரம் நான் என்னதான் பண்ண?"

"ஒண்ணும் பண்ணாம இருக்கணும். அதைத்தான் பண்ணணும்," என்றாள் பெனாசிர்.

*

ஒரு வாரம் கழித்துக் கேனோடு வந்தார்.

பெனாசிர் மீட்டரைக் கழுவித் தண்ணீருக்குள் விட்டாள்.

ஆறு.

"பூஜ்யமாத்தான் பிடிச்சேன்!" என்றார் தவசிமுத்து. "சத்தியமா ஒண்ணும் போடல."

"திறந்தீங்களா?"

"தெனமும் ஒரு தடவை."

"எதுக்கு?"

"பூஜ்யமா இருக்கான்னு பாக்க."

"எதை வச்சுப் பாத்தீங்க?"

"மீட்டரை வச்சுத்தான்."

"அந்த மீட்டரை அதுக்கு முன்னாடி எதுல விட்டீங்க?"

தவசிமுத்து யோசித்தார். தொட்டியில்.

பெனாசிர் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். கடைக்கு வந்திருந்த ஒருவர் என்ன ஏதென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

"இன்னொரு வாரம்," என்றாள் பெனாசிர்.

*

அந்த வாரம் சுலபமாக இல்லை.

கேன் மகளின் தையல் மெஷினுக்குக் கீழே, வெயில் படாத இடத்தில் இருந்தது. தவசிமுத்து அந்தப் பக்கம் போவார். குனிவார். நிமிர்ந்துகொள்வார். இரண்டு தடவை மூடியில் கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

செல்லக்கனி கேனைப் பார்த்தாள்.

"என்ன, பிள்ளை தூங்குதா? தொட்டில் கட்டட்டா?"

"உன் வாயை மாதிரி மூடாம கிடந்தா கெட்டுப்போயிரும்."

"முப்பத்தெட்டு வருஷம் கெடாததா இப்பக் கெடப்போகுது?"

அவள் சமையலறைக்குப் போனாள். அவர் கேனைத் திறக்கவில்லை.

*

மறுபடியும் கடைக்கு வந்தார். இந்த முறை தொட்டித் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லியிருந்தாள்.

கேன் தண்ணீரில் மீட்டரை விட்டாள்.

பூஜ்யம்.

தவசிமுத்துவின் முகம் மலர்ந்தது. பரீட்சையில் தேறியவர் போல நின்றார்.

பெனாசிர் கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்னக் குழலை எடுத்தாள். உப்பளவு காட்டும் குழல். தொட்டித் தண்ணீரில் இரண்டு சொட்டு அதன் கண்ணாடியில் விட்டு அவரிடம் நீட்டினாள்.

"கோடு எதுல நிக்குது?"

"நாப்பத்திமூணு."

"முப்பத்தஞ்சுல நிக்கணும்."

"குழல் தப்பு," என்றார் தவசிமுத்து.

பெனாசிர் குழலை வாங்கித் துடைத்தாள்.

"நான் உப்புக்குள்ளயே நின்னவன் தாயி. தெனமும் காலையில ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாக்கேன். நேத்து இருந்த மாதிரிதான் இன்னைக்கும் இருக்கு."

"நேத்து மாதிரிதான் இருக்கும்."

"அளந்துதான் கலக்குதேன். ட்ரம்முத் தண்ணியில பாரு, முப்பத்தஞ்சுக்கு ஒரு மயிரிழை கூட இருக்காது."

"இருக்காது. உங்க அளவு சரிதான்."

"அப்ப இந்த எட்டு எங்க இருந்து வந்துச்சு?"

பெனாசிர் பக்கத்துக் கடைக்கு இரண்டு டீ சொன்னாள். முக்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உப்பளத்துல எப்படி வேலை அண்ணாச்சி? நான் பாத்ததே இல்ல."

தவசிமுத்து உட்கார்ந்தார். மதுரைக்கு வந்ததிலிருந்து யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை.

"அதுக்கு ஒரு கணக்கு இருக்கு தாயி. முதல்ல உவர்த்தண்ணியைத் தேக்கணும். அப்புறம் பாத்தி பாத்தியா விடணும். கணுக்கால் அளவுதான். அதுக்கு மேல விட்டா வேலைக்கு ஆகாது. பங்குனி, சித்திரையில வெயில் அடிக்கும் பாரு, பாத்தி கொதிக்கும். தண்ணி வத்தும்."

"வத்தினா?"

"மறுபடியும் விடுவோம்."

"எதை?"

"உவர்த்தண்ணியைத்தான்."

"அதுவும் வத்தினா?"

"திரும்ப விடுவோம். அதுதான வேலையே! வத்த வத்த விட்டுக்கிட்டே இருக்கணும். வெயில் எடுத்துட்டுப் போறது வெறும் தண்ணியைத்தான். உப்பு எங்க போகும்? அது அங்கனயேதான்..."

தொட்டிகளில் காற்றுக் குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன. டீ வந்தது. அவர் அதைக் கையில் வாங்கி, குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குள்ள பாத்தி கட்டியிருக்கேன்," என்றார் கடைசியில்.

"உப்பு வார வேண்டியதுதான் பாக்கி," என்றாள் பெனாசிர்.

அவர் எழுந்தார். கேனை எடுத்துக்கொண்டார்.

"இப்பவே போயி இதை மொத்தமா ஊத்திருதேன்."

"ஊத்தினா மீனும் செத்துரும்."

"உப்பு குறையணுமே?"

"தினமும் தொட்டியில இருந்து ஒரு மக் எடுத்துக் கொட்டுங்க. இந்தத் தண்ணியில ஒரு மக் ஊத்துங்க. ஒரு மக்தான். வெயிலுக்குக் குறையறதுக்கும் இதையே ஊத்துங்க."

"எத்தனை நாளைக்கு?"

"உப்பை ஏத்தும்போது எண்ணினீங்களா?"

"இல்ல."

"இதையும் எண்ணாதீங்க. குழலைக் கொண்டுபோங்க. முப்பத்தஞ்சு வந்ததும் வாங்க, பூ தாரேன்."

தவசிமுத்து வாசலில் செருப்பை மாட்டினார். திரும்பினார்.

"கேன் எப்பவும் இருக்கணுமோ?"

"எப்பவும். எல்லாத்துலயும் உப்பைப் போட்டுட்டா, வேணும்ங்கிற அன்னைக்கு எதை எடுப்பீங்க?"

*

வீட்டுக்கு வந்தபோது அவர் கையில் இரண்டு கேன்கள். இன்னொன்றையும் வாங்கியிருந்தார்.

செல்லக்கனி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

"ட்ரம்மு போதாதுன்னு ரெண்டு கேனா? இனி நான் எங்க படுக்க, உங்க தண்ணி மேலயா?"

தவசிமுத்துவிடம் பதில் இருந்தது. நல்ல பதில். அவள் தம்பி வீட்டு மொட்டை மாடியும் அவள் குறட்டையும் சேர்ந்த பதில். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவர் கையில் இருந்த கேனைப் பார்த்தார்.

"இடம் கொஞ்சம்தான்," என்றார்.

செல்லக்கனி காத்திருந்தாள். மீதி வரவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்து, அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லையே," என்றாள்.

*

ஒரு நாளைக்கு ஒரு மக்.

முதல் நாலு நாள் கோடு அசைந்த மாதிரியே தெரியவில்லை. ஐந்தாம் நாள் அவருக்கு ஆத்திரம் வந்தது. அன்றைக்கு அவரால் வாயை அடக்க முடியவில்லை. குழம்பில் புளி கூடிப்போனதற்கு நாலு வார்த்தை சொன்னார். செல்லக்கனி ஆறு வார்த்தை திருப்பிச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகு இரண்டு பேருக்குமே அது கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது.

மறுநாள் காலையில் ஒரு மக் எடுத்தார். ஒரு மக் ஊற்றினார்.

எட்டாம் நாள் செல்லக்கனி அவரைக்காயை முன்னறைக்குக் கொண்டுவந்து, மீன்களைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்து ஆய்ந்தாள்.

"வெளிச்சம் இங்கதான் இருக்கு," என்றாள். ஏன் இங்கே என்று அவர் கேட்கவே இல்லை.

"ஆமா, இங்கதான் நல்லா இருக்கு," என்றார் அவர்.

பதிமூன்றாம் நாள் கோடு முப்பத்தைந்தில் நின்றது. அவர் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். அவருக்கு அது நேற்று மாதிரிதான் இருந்தது.

பெனாசிர் பூவைக் கொடுத்தாள்.

*

பூ இரண்டு நாள் சுருங்கியே கிடந்தது. மூன்றாம் நாள் இடம் மாறி, பாறையின் மறுபக்கம் போய் ஒட்டிக்கொண்டது. தவசிமுத்து சாப்பிடவில்லை. செல்லக்கனி தட்டை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாளே தவிர, ஒன்றும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் காலை.

"இங்க வாங்க," என்று அவள் கூப்பிட்டாள்.

பூ முழுக்க விரிந்திருந்தது. பெரிய மீன் உள்ளே புகுந்து புரண்டுகொண்டிருந்தது. சின்னது வெளியே நின்று, போகலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் போனது.

இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள்.

தவசிமுத்து கேனைத் திறந்து, ஒரு மக் எடுத்து, ஓரமாக, சத்தமில்லாமல் ஊற்றினார். உடனே மூடினார்.

"கடைக்காரப் பிள்ளை என்ன மருந்து குடுத்துச்சு?" என்று கேட்டாள் செல்லக்கனி.

"மருந்து ஒண்ணும் இல்ல. வெறும் தண்ணி. உப்பு போடாம தனியா எடுத்து வச்ச தண்ணி."

செல்லக்கனி பூவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நான் பூவுக்குக் கேக்கல," என்றாள்.