இடப்பக்கத்து வளை

மூங்கில் பூத்து உதிர்ந்த ஒரு காட்டில் துடுக்கன் என்றொரு சுண்டெலி இருந்தது. "வளைக்குள் தலையை விடுமுன் மூன்று தடவை..." என்று அதன் தாய்மாமன் சொல்வதுண்டு. மூன்று தடவை என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் துடுக்கனுக்கு மறந்துபோயிற்று.

அங்கே ஒரு கரையான் புற்று. உள்ளே மூங்கிலரிசி குவிந்து கிடந்தது. அதற்குப் போக இரண்டு வளைகள். வலப்பக்கத்து வளையில் ஒரு சாரைப்பாம்பு குடியிருந்தது.

துடுக்கன் தினமும் இடப்பக்கமே பாயும். அதன் தோழன் மூஞ்சூறோ இரண்டு வாசலையும் மோந்து மோந்து நிற்கும்.

"என்ன மச்சான், இன்னும் முடியலையா? மூக்கு தேய்ஞ்சிடப் போகுது!"

"மோந்து பார்க்கும்போது மண்டைக்குள்ளே ஒரு தாளம் ஓடும், மாப்பிள்ளை. பாம்பு வாடை பட்டால் அது தடுமாறும். நான் விலகிடுவேன்."

"நீ தாளம் போட்டுக்கிட்டே நில்லு. பத்து நாளா இடப்பக்கம்தான் போறேன். ஒரு கீறல் உண்டா?"

மறுநாள் பெருமழை. வலப்பக்கத்து வளைக்குள் தண்ணீர் புகுந்தது.

மழை விட்டதும் துடுக்கன் ஓடி வந்தது. வீட்டில் கண் திறக்காத ஐந்து குட்டிகள். குட்டிகளின் தாய் பட்டினி கிடந்தால் பால் வற்றிவிடும்.

"நில்லு மாப்பிள்ளை! தாளம் தடுமாறுது!" என்று மூஞ்சூறு கத்துவதற்குள் துடுக்கன் இடப்பக்கம் புகுந்துவிட்டது.

மீசை எதன்மேலோ பட்டது. சில்லென்றிருந்தது. இருட்டில் அது நகர்ந்தது.

வெளியே வந்து விழுந்தபோது துடுக்கனுக்குப் பாதி வால் இல்லை. திரும்பி வாசலை மோந்தது.

"வாடை... வாசல்லயே அடிக்குதே! எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"பத்து நாளா அந்த வாசல்ல அடிச்சுது. இன்னிக்கு இந்த வாசல்ல அடிக்குது. நீதான் ஒரு நாளும் மூக்கை நீட்டலையே!"

"சரி, நாளையிலேர்ந்து வலப்பக்கம்!"

"தண்ணி வடிஞ்சதும் பாம்பு பழைய இடத்துக்கே போயிடும். மிச்ச வாலையும் கொடுத்துட்டு வரப்போறியா?"

துடுக்கன் திகைத்துப்போய் இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தது. குட்டிகளை நினைத்தது. இனி எந்த வளையானாலும், எத்தனை அவசரமானாலும், மூன்று தடவை மோந்து பார்த்த பிறகே தலையை நீட்டுவது என்று தீர்மானித்தது.

நீதி: நேற்று பிழைத்த வழியானாலும் இன்றும் ஆராய்ந்தே நுழைய வேண்டும்.