விரல் வைத்த வரி

“நோயாளி முன்னாடியே புத்தகத்தைப் பிரிச்சா நம்மள யாரு டாக்டர்னு மதிப்பா, மேடம்?”

இப்படிக் கேட்டவன் நான்தான். கோமதிநாயகம், அப்போது பயிற்சி மருத்துவன், மருந்தியலில் தங்கப் பதக்கம். அந்தத் திமிர் நடையிலேயே தெரியும் என்பார்கள்.

எங்கள் மூத்த டாக்டர் புஷ்பம் மேடம் அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொன்னார்.

தெற்குச் சீமையில் ஒரு அரசு மருத்துவமனை. அதன் ஓ.பி. அறையை நினைத்தால் முப்பது வருஷம் கழித்தும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. சத்தம் போட்டுக்கொண்டே சுற்றும் மின்விசிறி, ஸ்பிரிட் வாசனை, மேடத்தின் மேஜையில் பழுப்புக் காகித அட்டை போட்ட மருந்துக் கையேடு.

மேடம் அதை ஒளித்துப் பார்க்க மாட்டார். “கொஞ்சம் பொறுங்க, பாத்துச் சொல்றேன்” என்று வராந்தா வரை கேட்கும்படி சொல்வார். பக்கத்தைக் கண்டுபிடித்ததும் நோயாளியின் விரலைப் பிடித்து அந்த வரியில் வைப்பார். “எடுத்துராதீங்க, நான் வரியைத் தொலைச்சிருவேன்.”

இங்கிலீஷ் தெரியாத கிழவர்கள்கூட மூச்சுவிடாமல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு மானம் போகும்.

இப்போது என் மாணவர்கள் செல்போனில் தேடுகிறார்கள். அதையும் மேஜைக்கு அடியில் வைத்துத் தேடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மாரிக்கனி ஞாபகம் வந்துவிடுகிறது.

அன்று மேடம் வார்டுக்குப் போயிருந்தார். ஓ.பி.யில் நான் மட்டும். மாரிக்கனிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். காசநோய் என்று அன்றுதான் உறுதியானது. மடியில் நாலு மாதப் பெண் குழந்தை. மாத்திரைகளை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“பிள்ளைக்குப் பால் குடுக்கலாமா சார்?”

எனக்குத் தெரியாது. கையேடு என் முழங்கைப் பக்கத்தில்தான் கிடந்தது. ஆனால் வரிசையில் நின்ற பத்துப் பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கூடாது. மாத்திரை பால்ல இறங்கும்” என்றேன்.

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அடுத்த வாரம் அவள் நேராக மேடத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். குழந்தை வாடிக் கிடந்தது. தண்ணீர் கலந்த மாட்டுப்பால் சேராமல் மூன்று நாளாய்ப் பேதி. அவளுக்கோ பால் கட்டி, காய்ச்சல் அடித்தது. மாத்திரைகளை அப்படியே மேஜைமேல் வைத்தாள்.

“இத நிறுத்திக்கிடுதேன் டாக்டரம்மா. எனக்கு என்னவும் ஆவட்டும். பிள்ள பால் குடிக்கணும்.”

பால் கொடுக்கக் கூடாதென்று யார் சொன்னது என்று மேடம் விசாரித்தார்.

அவள் என்னைப் பார்த்தாள், உடனே தலையைக் குனிந்துகொண்டாள். “சின்ன டாக்டர்தான் சொன்னாவ. அவுக மேல தப்பு இருக்காது. எனக்குத்தான் சரியா வெளங்கல போல.”

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேடமும் திட்டவில்லை. குழந்தையைக் கையில் வாங்கிப் பரிசோதித்தார். உள்ளே சேர்த்து இரண்டு நாள் பார்த்தால் போதும், பயமில்லை என்றார். அப்புறம் கையேட்டை என் பக்கம் தள்ளினார்.

பிரித்தேன். பக்கம் கிடைக்க ரொம்ப நேரமானதுபோல் இருந்தது. மாரிக்கனி எட்டிப் பார்த்தாள். அவள் விரலைப் பிடிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. “இந்த வரிம்மா” என்றேன். அவளாகவே விரலை வைத்தாள்.

வாசித்தேன். பிறகு தமிழில் சொன்னேன். இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டே தாராளமாகப் பால் கொடுக்கலாம். வாயைத் துணியால் மூடிக்கொண்டால் போதும். நான் பார்க்காமல் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது.

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

அவள் மாத்திரைகளைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டாள். சேலைத் தலைப்பால் வாயை மூடி, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து குழந்தையை அணைத்தாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை குடிக்கும் சத்தம் கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மேடத்தின் காதருகே போய், இவளை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், இனிமேல் என்னை நம்பமாட்டாள் என்றேன்.

“அதை எதுக்கு எங்கிட்ட சொல்றே? அவகிட்ட கேளு.”

கேட்டேன். ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும், மாதாமாதம் வர வேண்டும், யாரிடம் காட்டிக்கொள்ள விருப்பம் என்று கேட்டேன். வராந்தாவில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும்.

மாரிக்கனி திரும்பாமலே யோசித்தாள்.

“ஒங்களயே பாக்கேன் சார்” என்றாள். “எங்கிட்ட இருந்து இந்தச் சீக்கு பிள்ளைக்கு ஒட்டாம இருக்க, அதுக்கும் மாத்திரை எதும் குடுக்கணுமா?”

எனக்குத் தெரியவில்லை.

தெரியவில்லை என்றேன்.

“பாத்துச் சொல்லுங்க. நான் இருக்கேன்.”