பச்சையாய் ஓடிய தும்பையாறு

வெகு காலத்துக்கு முன்னால், மிருகங்கள் மனிதரோடு பேசிய நாளில், தும்பையாற்றங்கரைச் சரிவில் காராயி என்பவள் தன் கணவன் பெரியாண்டியோடு கம்பு பயிரிட்டு வந்தாள்.

ஒருநாள் கரிமுகன் என்ற மந்திரவாதி ஊருக்குள் வந்தான். ஜொலிக்கும் பொடியை எல்லோருக்கும் மூட்டை மூட்டையாய்க் கொடுத்தான். "வயலுக்கு ஒரு பிடி போதும்!" என்றான்.

காராயி ஒரு பிடி போட்டாள். கம்பு இடுப்பளவு வளர்ந்தது. ஒரு கூடை போட்டாள். தலைக்கு மேல் வளர்ந்தது. மூன்றாம் முறை மூட்டையையே கொட்டினாள். ஊரே கொட்டியது. வரப்பை வெட்டியும் விதைத்தார்கள், கரைப் புல்லைச் சுரண்டியும் விதைத்தார்கள்.

அறுவடை முடிந்த மறுநாள் பெருமழை. காலையில் குடத்தோடு ஆற்றுக்குப் போன காராயி அலறிவிட்டாள். தண்ணீரெல்லாம் பச்சை! மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. முன்னமே வந்து அந்தத் தண்ணீரைக் குடித்த பெரியாண்டி கரையில் உட்கார்ந்திருந்தான். தொட்டாள். கல்! அவனுக்கு அப்பால் பாதி ஊரே கல்!

"ஐயோ! எந்தப் பாவி செஞ்சது இது?"

"நீதான்" என்றது பாறைமேல் இருந்த நீர்நாய்.

"நானா? ஆத்துல ஒரு குப்பைகூடப் போட்டதில்லையே!"

"வந்து பாரு."

அது முன்னே ஓட, பச்சைத் தண்ணீர் வழிந்த தடத்தைப் பிடித்து அவள் ஏறினாள். தடம் அவள் வயலில் போய் முடிந்தது. மேல்மண் பொடியோடு அடித்துக்கொண்டு போய், வெறும் பாறை பல்லிளித்தது. காராயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு மந்திரவாதியிடம் ஓடினாள். அவன் சிரித்தான். "தெளிஞ்ச ஆத்துத் தண்ணி மேல பட்டா எழுந்திருப்பாங்க. ஆனா ஆறு தெளியவே தெளியாது! அவங்க நிலமெல்லாம் இனி எனக்கு!"

"மண்ணை நீ பிடிச்சு வை. ஆறு தானாத் தெளியும்" என்றது அவள் பின்னாலேயே வந்த நீர்நாய்.

கல்லாகாமல் மிச்சமிருந்தவர்களைக் காராயி திரட்டினாள். பொடியைத் தொடவில்லை, சாணி எரு போட்டார்கள். சரிவுக்குக் குறுக்கே வரப்பு கட்டினார்கள். கரையோரம் வெட்டிவேர் நட்டார்கள். வெறும் நிலத்தில் தழையுரச் செடியான கொழிஞ்சியை விதைத்து, பூத்ததும் மண்ணோடு மடக்கி உழுதார்கள்.

முதல் மழை பெய்தது. ஆறு பச்சை. இரண்டாம் மழை பெய்தது. ஆறு கலங்கல். மூன்றாம் மழை பெய்தது. அடிமணல் தெரிந்தது!

ஆனாலும் தொட யாருக்கும் துணிவில்லை. அள்ளிக் காராயி ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். விரலை அசைத்துப் பார்த்தாள். அசைந்தது!

குடம் நிறைய மொண்டு பெரியாண்டி தலையில் கவிழ்த்தாள்.

"என்னடி, இப்படி நனைச்சுப்புட்ட?" என்றபடி அவன் எழுந்தான். அவள் வாய்விட்டு அழுதாள். ஒவ்வொருவராக ஊரே எழுந்தது. கரிமுகனின் மந்திரக்கோல் அவன் கையிலேயே தூளாக, அவன் எல்லை தாண்டி ஓடினான்.

அந்தச் சரிவில் பிறகு நன்றாகவே விளைந்தது. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் பிறகு, யாரையும் ஆற்றில் கைவைக்க விடாமல், முதல் வாயைக் காராயிதான் குடித்துப் பார்த்தாள்.