கூமுட்டை வெளியே வர மறுத்த நாள்

ஒரு பனியன் கம்பெனி சூப்பர்வைசரின் வாய்க்குள் மூன்று வசவுகள் குடியிருந்தன: முட்டாள், மடையன், கூமுட்டை. சூப்பர்வைசர் பெயர் மயிலாத்தாள். அவள் கோபத்தில் வாயைத் திறந்தால், பல் வரிசைக்குப் பின்னால் காத்திருக்கும் ஒன்று குதித்துப் போய் எதிரே நிற்பவரின் காதில் விழ வேண்டும். அதுதான் அவற்றின் வேலை.

வேலை இல்லாத நேரத்தில் மூன்றும் பழம்பெருமை பேசும்.

“எனக்குப் பெயர் தந்த ஆள் யார் தெரியுமா? தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தவன். அவன் இல்லையென்றால் தேர் யார் வீட்டுக்குள்ளாவது புகுந்திருக்கும்,” என்றது முட்டாள்.

“அது நீயாகக் கட்டிய கதை,” என்றது மடையன். “என் ஆள் வெள்ளத்தில் முங்கி ஏரி மடையைத் திறந்தவன்.”

“அதை மட்டும் யார் பார்த்தார்களாம்?”

“நிஜமோ புளுகோ, இருக்கட்டும்,” என்றது கூமுட்டை. “எனக்கு ஒரே சந்தேகம். தண்ணீரில் முங்கியவன் பெயர் வசவாகிவிட்டது. கரையில் நின்று அதிகாரம் பண்ணியவன் பெயர் ஏன் ஆகவில்லை?”

பதில் தெரியாதவர்கள் செய்வதையே மற்ற இரண்டும் செய்தன. “நாத்தம் பிடித்தவளே, உனக்கு என்ன கதை இருக்கிறது?” என்று சிரித்தன.

“நான் குஞ்சாக வேண்டியவள். அடைகாத்த கோழி பாதியில் எழுந்து போய்விட்டது. சூடு ஆறிக் கெட்டுப்போனேன். கோழியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கெட்ட பெயர் எனக்கு.”

அப்போது மயிலாத்தாளின் குரல் உயர்ந்தது. மூன்றும் பல்லோரம் ஓடிவந்து எட்டிப் பார்த்தன.

எதிரே அஞ்சுகம் நின்றாள். திங்கட்கிழமைதான் வேலைக்குச் சேர்ந்த பெண். டீ-ஷர்ட்டுக்குக் கை வைத்துத் தைப்பவள். செக்கிங்கிலிருந்து மூன்று பண்டல் திரும்பி வந்தால் ஆளை அனுப்பிவிடுவது அந்தக் கம்பெனி வழக்கம். இரண்டு ஏற்கெனவே வந்துவிட்டன. மூன்றாவது இப்போது மயிலாத்தாள் கையில் இருந்தது.

“பாரு புள்ள, எல்லாப் பீசுலயும் கை முன்பக்கம் பின்பக்கமா மாறி இருக்குது. கண்ணு எங்க வெச்சிருந்தே? நீயெல்லாம் ஒரு…”

வாய் திறந்தபடி இருந்தது.

“போ, உன் முறை,” என்று மற்ற இரண்டும் கூமுட்டையைத் தள்ளின.

“மாட்டேன். அவள் முகத்தைப் பாருங்கள். நான் விழுந்தால் இன்றைக்கே பையைக் கட்டிவிடுவாள்.”

“அப்படியானால் வழியை விடு, நாங்கள் போகிறோம்.”

கூமுட்டை வழியை விடவில்லை. பல் வரிசைக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. மற்ற இரண்டும் மிதித்துப் பார்த்தன, கிள்ளிப் பார்த்தன. அது அசையவில்லை.

மயிலாத்தாள் இருமினாள். தண்ணீர் குடித்தாள். ஒரு வசவும் வரவில்லை. நாலு நாளில் முதன்முறையாக அந்த மெஷின் முன்னால் யாரும் கத்தாத ஒரு நிமிஷம் கிடைத்தது. அதில் அஞ்சுகத்தின் சின்னக் குரல் கேட்டது.

“அக்கா… கைத்துணி ஓரத்துல சின்னதா வெட்டுக்குறி போட்டிருக்குல்ல, எங்க பழைய கம்பெனில அது முதுகுப் பக்கம் வரணும்.”

“இங்க நெஞ்சுப் பக்கம். மொத நாளே சொன்னேனே!”

“சொல்ல ஆரம்பிச்சீங்க அக்கா. அதுக்குள்ள போன் வந்து எந்திரிச்சுப் போயிட்டீங்க. அப்புறம் கேக்கலாம்னா… பயமா இருந்துச்சு.”

மயிலாத்தாள் கையிலிருந்த பீசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையல் ஒவ்வொன்றும் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது.

“நகரு கண்ணு,” என்று ஒரு ஸ்டூலை இழுத்தாள். “இத மூணாவதா எழுத வேண்டாம். பிரிச்சுத் தைச்சுக்கலாம். இங்க பாரு, இந்தக் குறிய இப்படி வெச்சுக்கோ…”

“மயிலாக்கா, ஆபீசுல கூப்புடறாங்க!” என்று யாரோ கத்தினார்கள்.

“அப்பறம் வாரேன்னு சொல்லு!”

வாய்க்குள் முட்டாளும் மடையனும் முண்டியடித்தன. “என்ன நடக்கிறது? என்ன செய்கிறாள்?”

வாசலில் குறுக்கே படுத்திருந்த கூமுட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு மெல்லச் சொன்னது:

“கோழி இன்னும் எழுந்திருக்கவில்லை.”